திருமணக் கூட்டத்தை விழுங்கிய புகைப்படக்கருவி

திருமண விருந்துகளில் புகைப்படக்காரருக்கு வாய்க்கும் அதிகாரம் விந்தையானது. எவர் சொல்லுக்கும் வளையாத பெரியவர்களும் அவருடைய கையசைப்புக்கு இரண்டடி தள்ளி நிற்கின்றனர். உண்பவர் கவளத்தை நிறுத்துகின்றனர். அழுதுகொண்டிருப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கின்றனர். இந்த அதிகாரம் அவருக்கு எவ்வாறு வந்தது என்று தேடிப் புறப்பட்டால், பாரீஸ் நகரத்து உணவகங்கள் சிலவற்றில் நாம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

காரணம் இரண்டு. தாகேரின் செய்முறை 1839 ஆகஸ்டு 19 அன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் புகைப்படக்கலை பரவத் தொடங்கியதும் அந்நகரிலிருந்துதான். மற்றொன்று, பிரான்சில் 1792 முதல் திருமணம் சட்டப்படி நிறைவேறுமிடம் நகரமன்றம். விரும்புவோர் அதன்பின் தேவாலயம் செல்வர். ஓரிரு அறைகளில் வாழ்ந்த நகரத்து எளிய மக்களுக்கு அதற்கடுத்த விருந்து என்றால் உணவகம்தான்.

அத்தகைய விருந்து ஒன்றை எமில் ஜோலா தம் ‘லசொம்முவார்’ நாவலில் விரிவாக எழுதியிருக்கிறார். நூல் வெளிவந்தது 1877-இல். கதை நிகழ்வது 1850-ஆம் ஆண்டின் ஜூலை இறுதியில். சலவைத் தொழிலாளியான ஜெர்வேஸ், கூரைக்குத் துத்தநாகத் தகடு வேயும் கூப்போவை மணக்கிறாள். ஆளுக்கு ஐந்து பிராங்க் பங்கு போட்டு உணவகத்தில் சாப்பாடு. இடையில் கோடைமழை பிடித்துக்கொள்ள, பொழுதைப் போக்க வழியின்றி அக்கூட்டம் லூவர் அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறது. அங்கே வெரோனீஸ் 1563-இல் வரைந்து முடித்த ‘கானாவூர்த் திருமணம்’ தொங்குகிறது. அது எதைப் பற்றிய படம் என்று ஜெர்வேஸ் கேட்கிறாள். மணக்கோலத்தில் இருக்கும் பெண் ஒருத்தி, மாபெரும் திருமண விருந்தின் ஓவியத்தின் முன்னால் நின்றும், அது திருமணம் என்று அறியாமல் நிற்கிறாள். அன்றிரவு அவளுடைய விருந்தையோ ஒருவரும் படமாக்கவில்லை.

ஆக்கியிருக்கவும் முடியாது. அந்நாளில் உருவப்படம் எடுக்கக் கண்ணாடிக் கூரையிட்ட நிலையமும் பகல் வெளிச்சமும் தேவைப்பட்டன. அமர்ந்திருப்பவர் பல நொடிகள் அசையக் கூடாது. தலை ஆடாமலிருக்கப் பின்புறம் இரும்புக் கவ்வி ஒன்று தாங்கி நிற்கும். புகைப்படக்காரரின் அதிகாரத்துக்கு வேர் இங்கே இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அசைந்தால் முகம் கலைந்துவிடும் என்பதால்தான் ‘அசையாதே’ என்ற கட்டளை பிறந்தது. அதில் ஆணவம் ஏதுமில்லை; வேதியியல்தான் இருந்தது.

ஜோலாவே பிற்காலத்தில் புகைப்படக்கலையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டார் என்பது சுவையான செய்தி. 1888 அளவில் அதைக் கற்றுக்கொண்டவர், ஆயிரக்கணக்கான படங்களை விட்டுச் சென்றார். 1900-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியின்போது ஈஃபில் கோபுரத்தின் மேலிருந்து அவர் எடுத்தவற்றுள், உணவகம் ஒன்றின் மேசைகளையும் மனிதர்களையும் மேலிருந்து காட்டும் படமும் உண்டு.

அதே கோபுரத்தின் முதல் தளத்தில்தான் நம் கதையின் அடுத்த திருமணம் நடக்கிறது. தரையிலிருந்து 57 மீட்டர் உயரத்திலுள்ள அத்தளத்தில் 1889-இலேயே நான்கு உணவு, மதுக்கூடங்கள் இருந்தன. கோபுரம் திறந்த அதே ஆண்டில் பிறந்தவர் ழான் கொக்தோ. அவருடைய ‘ஈஃபில் கோபுரத்து மணமக்கள்’ என்னும் நாட்டிய நாடகம் 1921 ஜூன் 18 அன்று ஷான்ஸ் எலிஸே அரங்கில் ஸ்வீடன் பாலே குழுவினரால் முதன்முறையாக நிகழ்த்தப்பட்டது. ‘அறுவர்’ எனப்பட்ட இசையமைப்பாளர் குழுவில் ஐவர் இசையமைத்தனர்.

ஜூலை 14, தேசியத் திருநாள். கோபுரத்தில் திருமண விருந்து. புகைப்படக்காரருக்கு ஒரு சிக்கல்: அவருடைய கருவியிலிருந்து வழக்கமாகப் பறவை வரவேண்டிய வேளையில் தீக்கோழி வந்துவிட்டது. விருந்தினரை வரிசையாக நிறுத்திப் படமெடுக்க முயலும் ஒவ்வொரு முறையும் வேறொன்று வெளியேறுகிறது. கடலாடும் பெண், முரட்டுக் குழந்தை, பிறகு ஒரு சிங்கம். விருந்துக்கு வந்த தளபதியைச் சிங்கம் தின்றுவிடுகிறது. இத்தனைக்கும் நடுவே புகைப்படக்காரர் எல்லாம் தம் ஏற்பாடுதான் என்பதுபோல நடந்துகொள்கிறார். இறுதியில் திருமணக் கூட்டமே கருவிக்குள் நுழைந்து மறைகிறது.

நகைச்சுவை நாடகம்தான். ஆயினும் இந்த முடிவில் ஓர் அச்சம் இருப்பதாகவே நாம் படிக்கிறோம். ஜெர்வேஸுக்குக் கிட்டாத படம் எழுபதே ஆண்டுகளில் எளியவர்க்கும் எட்டிவிட்டது. எட்டியதும் திருமணத்தையே அது விழுங்கத் தொடங்கிவிட்டது.

இருண்ட உணவகத்துக்குள் கருவி நுழைய வழிசெய்தது, ஜெர்மனியில் 1887-இல் மீத்தே, கேடிக்கே ஆகிய இருவர் உருவாக்கிய மக்னீசிய வெடிப்பொடி. பொடி வெடித்தால் கண் கூசும். அறை முழுதும் புகை சூழும். 1930-களில் பாரீஸின் இரவு விடுதிகளைப் படமாக்கிய பிராஸ்ஸாயை, இந்த வெடிப்புக்காகவே ‘பயங்கரவாதி’ என்று பிகாசோ கேலி செய்வாராம். 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறிய கருவிகளும், 1930-ஐ ஒட்டி வந்த மின்வெட்டுக் குமிழ்களும் அந்தத் தொல்லையைக் குறைத்தன.

எடுத்தவர் அதிகாரத்தைத் தளர்த்திக்கொண்டால் என்ன கிட்டும் என்பதற்குச் சான்றாக ரொபேர் துவானோவின் 1948-ஆம் ஆண்டுப் படம் ஒன்றைச் சொல்லலாம். பாரீஸை அடுத்த ழுவான்வீல் லெ போன் என்னும் ஆற்றங்கரை ஊர். மணமக்கள் ஒரு சிற்றுணவகத்தின் கல்லாமேடையருகே நிற்கின்றனர். மணப்பெண் தூய வெள்ளையில். அருகிலேயே, உடலெங்கும் நிலக்கரி அப்பிய தொழிலாளி ஒருவர். துவானோவும் ஏற்பாடு செய்யாதவர் அல்லர். அவருடைய புகழ்பெற்ற 1950-ஆம் ஆண்டு முத்தப் படம் நடிகர்களை வைத்து எடுக்கப்பட்டது. ஆனால் குடும்பத்துக்காகப் படமெடுக்கும் எவரும் அந்தக் கரித் தொழிலாளியைச் சற்று விலகி நிற்கச் சொல்லியிருப்பர். அவர் விலகாததனால் அது ஒரு காலத்தின் படமாயிற்று.

இன்றைய மின்னணுக் கருவிகள் மெழுகுவத்தி ஒளியிலேயே படமெடுக்கின்றன. கோடைப் பாரீஸில் இரவு ஒன்பதரை மணிக்கும் சன்னலில் வெளிச்சம் நிற்கும். இருபது பேர் அமர்ந்த சிறு உணவகத்தில் ஒருவரையும் அசையாமல் நிறுத்த வேண்டிய தேவை அறவே இல்லை. இரும்புக் கவ்வி போய்விட்டது. கட்டளை மட்டும் எஞ்சியிருக்கிறது. இப்போது அதற்குப் பணிவது வேதியியலுக்காக அன்று. நம்மை எவ்வாறு நினைவுகொள்ள வேண்டும் என்று நாமே முன்கூட்டித் தீர்மானித்துவிடும் ஆசைக்காக.

ஜெர்வேஸின் விருந்துக்குப் படம் இல்லை. ஆனால் அவள் நனைந்த மழையும், சண்டையிட்ட உறவினரும், ஐந்து பிராங்க் கணக்கும் ஜோலாவின் எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றையேனும் ‘கொஞ்சம் சிரியுங்கள்’ என்று சொல்லி எடுத்த படம் நமக்குத் தந்திருக்குமா?