மூளையா, தோலா? மாறுதிசை மின்தூண்டல் ஆய்வுகளில் விடுபடும் வினா

தலைத்தோலில் உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகளைப் பொருத்தி, 1 முதல் 2 மில்லிஆம்பியர் வரையிலான மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தும் ஆய்வுகள் 2008க்குப் பின் பெருகின. மூளையின் இயல்பான அலைகள் எந்த அதிர்வெண்ணில் எழுகின்றனவோ அதே அதிர்வெண்ணில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால், அந்த அலைகள் வலுப்பெறும்; அவற்றைச் சார்ந்த நினைவோ கவனமோ மேம்படும் என்பது அடிப்படை எதிர்பார்ப்பு. இதில் ஒரு தாவல் இருக்கிறது. நடத்தையில் மாற்றம் தெரிந்தவுடன், மின்சாரம் மூளைப் புறணியின் நரம்பணுக்களை நேரடியாகத் தொட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். மின்சாரம் எந்த வழியாகச் செயல்பட்டது என்பதைத் தனியே நிறுவாத வரை அம்முடிவுக்கு இடமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அளவுகள். தலைத்தோலும் மண்டையோடும் மின்னோட்டத்தின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. புஸாக்கி முதலியோர் சடலங்களில் அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ முக்கால் பங்கு உள்ளே போவதே இல்லை. வலிப்பு நோய்க்காக மூளைக்குள் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த நோயாளிகளிடம் எடுத்த அளவீடுகளும், 2 மில்லிஆம்பியருக்கு மீட்டருக்கு 1 வோல்ட்டுக்கும் குறைவான மின்புலமே உருவாவதைக் காட்டின. மீட்டருக்கு 1 வோல்ட் புலம் ஒரு நரம்பணுவின் சவ்வு மின்னழுத்தத்தை மாற்றுவது சுமார் 0.2 மில்லிவோல்ட்தான். ஓய்வில் இருக்கும் நரம்பணு ஒரு துடிப்பை வெளியிட அதைப்போல் பல பத்து மடங்கு வேண்டும். ஆகவே இந்தத் தூண்டல் துடிப்பை உண்டாக்காது. எப்படியும் எழவிருக்கும் துடிப்பின் நேரத்தைச் சற்று முன்பின்னாக நகர்த்தலாம், அவ்வளவே.

ஆனால் தோலிலும் கண்ணிலும் நிலைமை வேறு. அங்கே மின்னோட்டத்தைத் தடுக்க எலும்பு இல்லை. 2008இல் கனாய் குழு, பார்வைப் புறணியின் மேல் தூண்டலைக் கொடுத்தபோது ஒளி மினுக்கல்கள் தெரிந்ததையும், வெளிச்சத்தில் 20 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருட்டில் மூளையின் ஆல்ஃபா அலை அதிர்வெண்ணிலும் அவை எளிதாகத் தோன்றியதையும் பதிவு செய்தது. புறணி தன் சொந்த அலைக்கு இசைகிறது என்ற விளக்கம் கவர்ச்சியானது. ஆனால் 2010இல் ஷட்டரும் ஹார்டென்சியஸும் அந்த மினுக்கல்கள் விழித்திரையில் பிறப்பவை என்று காட்டினர். தலையின் பின்புறம் கொடுத்த மின்சாரம் முகத்தின் வழியே பரவிக் கண்ணை எட்டியிருந்தது. இவ்வளவு தெளிவான எச்சரிக்கைக்குப் பிறகும் கண்ணையும் தோலையும் தனியே சோதிக்காத ஆய்வுகள் ஆண்டுக்கணக்கில் வெளிவந்துகொண்டிருந்தன என்பது வியப்புக்குரியது.

இயக்கப் புறணியிலும் இதே கதைதான். கைநடுக்கத்தின் தாளத்தைத் தூண்டலோடு ஒத்திசைய வைக்க முடிகிறது என்பது புறணி மீதான நேரடி விளைவுக்குச் சான்றாகக் கூறப்பட்டது. 2019இல் லூவென் பல்கலைக்கழகத்தின் அசமோவா, கட்டூன், மெக்லாக்லின் ஆகியோர் தலைத்தோலை மரப்பு மருந்தால் உணர்விழக்கச் செய்தபோது அந்த ஒத்திசைவு குறைந்தது. அதாவது, தோலின் நரம்புகளே தாளத்தை மூளைக்கு எடுத்துச் சென்றிருக்கின்றன. மருத்துவப் பயன் இருந்தால் வழி எதுவானால் என்ன என்று கேட்கலாம். வழி முக்கியம்தான். தோல் வழியாகவே வேலை நடக்கும் என்றால் தலையில் மின்முனை எதற்கு? நடுக்க நோய்க்கு மணிக்கட்டு நரம்பைத் தூண்டும் கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இலேயே அனுமதி தந்துவிட்டது.

இதிலிருந்து நேரடி விளைவே இல்லை என்று முடிவெடுப்பதும் அவசரம். மாண்ட்ரியலில் கிராஸ், பேக் முதலியோர் விழித்திருக்கும் குரங்குகளின் மூளையில் தனித்தனி நரம்பணுக்களைப் பதிவு செய்து, துடிப்புகளின் எண்ணிக்கை மாறாமல் அவற்றின் நேரம் மட்டும் தூண்டலோடு இணைவதை 2019இல் காட்டினர். மறு ஆண்டு, தோலுணர்வைத் தடுத்த நிலையிலும் அந்த இணைவு தொடர்ந்தது. எனவே இரு வழிகளும் மெய். ஒரு குறிப்பிட்ட ஆய்வில் எது வேலை செய்தது என்பதே கேள்வி.

இதே குழு 2022இல் வெளியிட்ட முடிவு இத்துறையின் அடிப்படை எதிர்பார்ப்பையே அசைக்கிறது. தன் சுற்றத்தின் அலையோடு ஏற்கெனவே வலுவாகப் பிணைந்திருந்த நரம்பணுக்கள், தூண்டலின்போது அந்தப் பிணைப்பைத் தளர்த்திக்கொண்டன; தளர்வாக இருந்தவை தூண்டலோடு இணைந்தன. மிருதங்கக்காரர் தாளத்தில் உறுதியாக இருக்கும்போது முன்வரிசையில் ஒருவர் சற்று விலகிய தாளத்தைத் தொடையில் தட்டினால் வாசிப்பு தடுமாறுமே தவிர வலுப்பெறாது. அதே தூண்டல் ஒருவரிடம் அலையைக் கூட்டலாம், இன்னொருவரிடம் குலைக்கலாம் என்றால், எல்லோரையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் ஆய்வில் 'விளைவில்லை' என்ற முடிவுக்கு என்ன பொருள்? மெய்யான இரு எதிர்விளைவுகள் ஒன்றையொன்று கழித்துவிட்டிருக்கக்கூடும்.

2022இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ரைன்ஹார்ட் குழு செய்த நினைவாற்றல் ஆய்வை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு நான்கு நாள்கள், நாளுக்கு 20 நிமிடம். உச்சிப் பகுதியில் 4 ஹெர்ட்ஸ் உடனடி நினைவையும், முன்நெற்றிப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ் நீண்டகால நினைவையும் மேம்படுத்தின. ஒரு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. இடத்தையும் அதிர்வெண்ணையும் மாற்றிப் போட்டபோது பலன் இல்லை. தோல் மட்டுமே காரணம் என்ற ஐயத்தை இது பெரிதும் தளர்த்துகிறது. இத்தகைய கட்டுப்பாடுதான் வேண்டும். ஆயினும் ஒவ்வொருவரின் மூளைக்குள்ளும் எவ்வளவு புலம் எட்டியது, அங்கே தூண்டலுக்கு முன் அலை எவ்வளவு வலுவாக இருந்தது என்ற இரண்டும் இல்லாமல் விளைவின் இயங்குமுறையைக் கூற இயலாது. தலை எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து ஒருவருக்குரிய மின்புலத்தைக் கணிக்கும் மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. தூண்டலுக்கு முந்தைய இ.இ.ஜி. பதிவு எந்த ஆய்வகத்துக்கும் எட்டாததல்ல. இவ்விரண்டையும் இணைக்காத கட்டுரைகளை நேரடி மூளைத் தூண்டலுக்கான சான்றாக ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது; நடத்தை மாற்றம் குறித்த அறிக்கைகளாக மட்டும் வெளியிடலாம்.