ஐநூறு பவுண்டில் ஓர் இசைத்தட்டு

'இண்டி ராக்' என்றால் இன்று ஒரு வகை இசை என்றே பலரும் நினைக்கிறார்கள். இண்டிபெண்டன்ட் என்ற சொல்லின் சுருக்கம்தான் இண்டி. தொடக்கத்தில் அது பாட்டு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. தட்டை யார் வெளியிட்டார்கள் என்பதைத்தான் சொன்னது. அந்தப் பாதையைத் திறந்து வைத்த தட்டுகளில் முக்கியமானது, மான்செஸ்டர் நகரத்து பஸ்காக்ஸ் குழுவினர் 1977 ஜனவரி 29-ல் வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'.

ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி இருவரும் போல்டனில் கல்லூரி மாணவர்கள். லண்டனின் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு நேரில் போய்க் கேட்டார்கள். பிறகு தாங்களே மண்டபம் பிடித்து, 1976 ஜூன் 4-ல் அவர்களை மான்செஸ்டருக்கு வரவழைத்தார்கள். வந்த கூட்டம் சொற்பம். ஆனால் பின்னாளில் ஜாய் டிவிஷன் குழுவில் வாசித்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் அந்தச் சொற்பத்தில் இருந்தார்கள்!

அன்றைய நிலையில் ஒரு குழு தட்டு வெளியிட வேண்டுமானால் பெரும்பாலும் லண்டன் கம்பெனிகளின் தயவு வேண்டும். வெளியூர்க் குழுக்கள் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இதற்கிடையே 1976 டிசம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசியதால் பெரிய ரகளையாகி, அவர்களுடைய நிகழ்ச்சிகள் ஊர் ஊராக ரத்தாயின. பங்க் இசையின் ஆயுள் இவ்வளவுதானோ என்று தோன்றிய நேரம் அது. முடிவதற்குள் ஞாபகார்த்தமாக ஒரு தட்டாவது போட்டுவிட வேண்டும் என்பதே பஸ்காக்ஸ் குழுவின் ஆசை. புரட்சி செய்யும் திட்டமெல்லாம் அவர்களிடம் இல்லை.

ஷெல்லியின் தந்தை உட்பட, வீட்டாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கினார்கள். 'நியூ ஹார்மோன்ஸ்' என்று தங்கள் கம்பெனிக்கு ஒரு பெயரும் வைத்தாயிற்று. டிசம்பர் 28-ல் மான்செஸ்டரிலேயே, சில மணி நேரத்தில் நான்கு பாடல்களும் பதிவாகிவிட்டன. ஒலிப்பதிவை நடத்தியவர் மார்ட்டின் ஹானெட். ஜாய் டிவிஷனின் தட்டுகளால் பின்னர் பெரும்புகழ் பெற்றவர் இவர்தான். 'போர்டம்' என்ற பாடலில் வரும் கிதார் தனி வாசிப்பில் இரண்டே சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். வித்துவான்கள் முகம் சுளித்திருப்பார்கள். 'இதை நாமும் வாசிக்கலாமே' என்று பையன்கள் நினைத்திருப்பார்கள்.

உறையின் கதை இன்னும் சுவையானது. அட்டைப் படத்தை மேனேஜர் ரிச்சர்ட் பூன், நகர மையத்தில் ஒரு சிலையின் அடியில் குழுவினரை நிறுத்தி போலராய்ட் காமிராவில் எடுத்தார். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், அதன்மேல் கூடுதலாக எதைப் பதிவு செய்தார்கள் என்பதும் உறையிலேயே அச்சாகியிருந்தது. மூன்று பாடல்கள் முதல் டேக்கிலேயே முடிந்தவை! தட்டின் பெயருக்கு 'சுருள் கீறல்' என்று பொருள். இசைத்தட்டு என்பதே ஒரு சுருள் கீறல்தானே. தொழில் ரகசியம் என்று மூடி வைத்திருந்ததை இவர்கள் வெளியே போட்டு உடைத்துவிட்டார்கள்.

அடித்தது 1000 பிரதிகள். அவை வேகமாகத் தீர்ந்துபோய் மேலும் அடித்து, மொத்தம் 16,000 வரை விற்றன. தொடர்ந்து 1977-லேயே டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்ற குழு சொந்தமாகத் தட்டு வெளியிட்டு, தங்களுக்கு ஆன செலவு 153 பவுண்டுதான் என்று அறிவித்தது. 1978-ல் ஸ்க்ரிட்டி பொலிட்டி குழு ஒலிப்பதிவுக்கு இவ்வளவு, தட்டு அடிக்க இவ்வளவு என்று கணக்கையே உறையில் அச்சிட்டது. சங்கீதத்தைவிட இந்தக் கணக்குதான் அதிகம் பேருக்குப் பயன்பட்டது என்றால் மிகையாகாது.

ஆனால் தட்டு வெளிவந்து சில வாரங்களுக்குள் டிவோட்டோ குழுவை விட்டு விலகிப் படிப்புக்குத் திரும்பிவிட்டார். பாடும் பொறுப்பு ஷெல்லிக்கு வந்தது. கடன் வாங்கித் தட்டு போட்ட அதே குழு, ஆகஸ்ட் மாதம் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பெரிய கம்பெனியில் ஒப்பந்தமானது. 1979-ல் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' மறுபடி வெளியானபோது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 31-ஆம் இடம் வரை ஏறியது. விலகிப்போன டிவோட்டோவின் பெயரை இம்முறை உறையில் தனியாகச் சேர்த்திருந்தார்கள்.