துபாஷியின் குறிப்பு

1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. பிரெஞ்சு ஆட்சியில் போலகத்துக்காரர் மனு கொடுத்தாலும் சர்க்கார் மொழி பிரெஞ்சுதான். நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

அப்படி நடுவில் நின்றவர்களில் பெரிய பெயர், புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். துரை கேட்டது, தான் சொன்ன பதில் எல்லாம் பேச்சுத்தமிழிலேயே இருக்கிறது. அலுவலகத் தமிழுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை: யார், எப்போது, என்ன சொன்னார்.

வாய்ச்சொல் நாளைக்கு மாறும். மாறினால் மாட்டுவது நடுவில் நின்றவன். மீட்டிங் முடிஞ்சதும் "பேசியபடி..." என்று நாம மெயில் தட்டுவதும் அந்தப் பயத்தில்தான்.

சரி, மனுவோடு வாசலில் நின்றவன் சொன்னதை யார் குறித்து வைத்தார்?