குசினியில் இருந்து வந்த பியர்

கிராஃப்ட் பியர் எண்டதும் கனபேருக்கு ஞாபகம் வாறது விலைகூடிய போத்தலும் வடிவான லேபிளும்தான். ஆனால் அதன் வரலாற்றைக் கிண்டிப் பார்த்தால் ருசியைவிடச் சட்டம்தான் கூடத் தட்டுப்படுகிறது. யார் காய்ச்சலாம்? எவ்வளவு காய்ச்சலாம்? எவ்வளவு வரி? அமெரிக்காவின் கதையை எடுத்துப் பார்ப்போம்.

1873இல் அங்கே 4,000க்கும் மேற்பட்ட பியர் ஆலைகள் இருந்தன. ரயிலும் குளிரூட்டலும் வர, பெரிய கொம்பனிகள் தூர ஊர்களுக்கும் பியர் அனுப்பத் தொடங்கின. சின்ன ஆலைகள் குறைந்தன. 1920 ஜனவரியில் மதுவிலக்கு வந்தது. 1933இல் அது நீங்கியபோது ஒரு விசித்திரம் நடந்தது: வீட்டுத் தேவைக்கு வைன் செய்யலாம் எண்டு அனுமதி கிடைத்தது, பியருக்குக் கிடைக்கவில்லை. 1970களின் கடைசியில் நாடு முழுக்க 100 பியர் கொம்பனிகள்கூட மிஞ்சவில்லை. கடையில் கிடைத்ததெல்லாம் கிட்டத்தட்ட ஒரே ருசியுள்ள மெல்லிய லாகர்தான்.

இதற்கிடையில், 1965இல், சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை மூடப்படும் நிலைக்கு வந்தது. சலவை இயந்திரத்தால் பேர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் மேய்டாக் அதன் 51 வீதத்தை வாங்கிக் காப்பாற்றினார். 1975இல் அவர் காய்ச்சிய லிபர்ட்டி ஏலில் காஸ்கேட் எண்ட புது ஹொப்ஸைப் போட்டார். ஹொப்ஸ் எண்டது பியருக்குக் கசப்பும் வாசமும் தாற ஒரு கொடியின் பூ. தோடம்பழத் தோல் மாதிரியான அந்த வாசம்தான் பிறகு அமெரிக்கக் கிராஃப்ட் பியரின் அடையாளமாகியது.

ஜாக் மெக்கோலிஃபின் கதை வேற மாதிரி. கடற்படையில் ஸ்கொட்லாந்தில் இருந்தபோது அங்கத்தைய பியர் அவருக்குப் பிடித்துப்போனது. ஊர் திரும்பி, 1976இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் நியூ அல்பியன் ஆலையைத் தொடங்கினார். சின்ன ஆலைக்கு ஏற்ற இயந்திரங்களை அப்போது ஒருவரும் விற்கவில்லை. பழைய பால் பண்ணைச் சாமான்களைத் தானே வெட்டி ஒட்டிப் பொருத்தினார். 1982இல் ஆலை மூடப்பட்டது. ஆனால் அதைப் போய்ப் பார்த்தவர்களில் ஒருவரான கென் கிராஸ்மன் 1980இலேயே சியரா நெவாடாவில் காய்ச்சத் தொடங்கியிருந்தார். அவரும் பால் பண்ணைச் சாமான்களில்தான் தொடங்கினார்.

சட்டமும் அசைந்தது. 1976இல் சின்ன ஆலைகளின் முதல் 60,000 பீப்பாக்களுக்கான வரி, பீப்பாவுக்கு 9 டொலரில் இருந்து 7 டொலராகக் குறைந்தது. 1978 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் கையெழுத்திட்ட சட்டம், வளர்ந்த ஒருவர் வருஷத்துக்கு 100 கலன் (ஏறத்தாழ 379 லீற்றர்) பியரை வீட்டில் காய்ச்ச அனுமதித்தது. விற்கேலாது, அவ்வளவுதான். எல்லா மாநிலங்களும் உடனே இறங்கி வரவில்லை. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தடித்தன.

இந்த அனுமதிக்குப் பிறகு குசினிகள் பயிற்சிக்கூடங்களாகின. களவாகச் செய்தால் பிழைவிட்டவர் மற்றவரிட்டக் கேட்கேலாது. இப்ப சங்கம் கூடலாம், புத்தகம் போடலாம், சாமான் விற்கலாம். சார்லி பப்பாசியனின் வீட்டுப் பியர் கையேடு 1984இல் வந்தது. வீட்டில் பழகின கனபேர் பிறகு சொந்த ஆலை தொடங்கினார்கள். இண்டைக்கு அமெரிக்காவில் 9,000க்கும் மேற்பட்ட ஆலைகள்.

வெற்றி வந்ததும் வாங்குகிறவர்களும் வந்தார்கள். 2011இல் சிக்காகோவின் கூஸ் ஐலண்ட், பட்வைசரின் சொந்தக்காரரிடம் போனது. லேபிள் அப்படியே இருந்தது, முதலாளி மாறினார். அதனால்தான் அங்கத்தைய சங்கம் "சுயாதீனம்" எண்டதை வரையறுக்கிறது: கிராஃப்ட் ஆலை அல்லாத மதுபான நிறுவனமொன்றின் கையில் 25 வீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது சுயாதீன ஆலை இல்லை. 2017இல் தலைகீழான போத்தல் படத்தோடு முத்திரையும் அறிமுகமானது.

அதே 2017இல் ஆங்கரை ஜப்பானின் சப்போரோ வாங்கியது. 2023 யூலையில் ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். மேய்டாக் எப்போதோ விற்று ஓய்வுபெற்றிருந்தார். அடுத்த வருஷம் வேறொருவர் ஆங்கரை வாங்கினார்.

பியர் குடிக்கிறீங்களோ இல்லையோ, இந்தக் கதை எங்களுக்கும் உதவும். சின்னத் தொழில் ஒன்று அழிஞ்சுபோச்சு எண்டால் "சனத்துக்கு விருப்பம் இல்லை" எண்டு சொல்ல முதல், அதைச் செய்யச் சட்டம் விட்டதா, வரி விட்டதா, கடைசியில் அது யாருடைய கையில் இருந்தது எண்டு கேட்டுப் பார்ப்போம்.