குண்டுவீச்சு விமான மூக்கோவியம்

போர் விமானத்தின் முன்பகுதியில், விமானி அமரும் அறைக்குக் கீழே, பெயரும் உருவமுமாகத் தீட்டப்பட்ட படம் மூக்கோவியம் எனப்படும். முதல் உலகப் போரிலேயே இதற்கு முன்னோடிகள் உண்டு. இத்தாலிய விமானி பிரான்செஸ்கோ பராக்காவின் விமானத்திலிருந்த குதிரைதான் பின்னாளில் பெராரி கார்களின் சின்னமாயிற்று. ஆயினும் இக்கலை செழித்தது இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில்.

காதலி, தாய், சொந்த ஊர், கார்ட்டூன் பாத்திரங்கள், இதழ்களில் வந்த அழகிகள் என எல்லாம் விமானத்தின் மூக்கில் இடம்பிடித்தன. ஒவ்வொரு தாக்குதல் முடிந்ததும் பக்கத்தில் ஒரு சிறு குண்டு வரையப்பட்டது. பிரிட்டனின் லங்காஸ்டர் விமானங்களிலும் அவ்வழக்கம் இருந்தது. லண்டன் ஹெண்டனில் உள்ள 'எஸ் பார் ஷுகர்' 137 தாக்குதல்களில் பறந்தது.

வரைந்தவர்களில் பலர் தரைப்பணியாளர்கள். இங்கிலாந்தின் பாசிங்பர்ன் தளத்தில் டோனி ஸ்டார்சர் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். அவற்றுள் புகழ்பெற்றது பி-17 ரக 'மெம்பிஸ் பெல்'. விமானி ராபர்ட் மார்கன் தம் காதலி மார்கரெட் போல்க்கை எண்ணி வைத்த பெயர் அது. எஸ்குயர் இதழில் ஜார்ஜ் பெட்டி வரைந்த பெண்ணை, இடப்பக்கம் நீல உடையிலும் வலப்பக்கம் சிவப்பு உடையிலும் ஸ்டார்சர் தீட்டினார். மார்கன் குழு 1943 மே 17இல் 25ஆம் தாக்குதலை முடித்து, அடுத்த மாதமே நாடு திரும்பியது.

பறப்பவர்களுக்கு 25 தாக்குதல் என்ற வரம்பு இருந்தது. தரைப்பணியாளர்களுக்கு இல்லை, ஒரு குழு போனால் அடுத்த குழுவுக்காக வேலை தொடர்ந்தது. திறந்தவெளியில், குளிரில், இரவெல்லாம் விழித்து, குண்டுத் துளைகளை அலுமினியத் தகடால் அடைத்தார்கள். மெம்பிஸ் பெல்லின் என்ஜின்களையும் இறக்கைகளையும்கூட மாற்றினார்கள். மாலையில் திரும்பும் விமானங்களை அண்ணாந்து எண்ணினார்கள். தங்கள் விமானம் வராத நாளில் அவர்கள் இழந்தது, பெயர் சொல்லிப் பழகிய பத்துப் பேரை. மூக்கோவியத்தின் வரலாற்றில் விமானிகளுக்குச் சமமான இடம் இவர்களுக்கு உரியது.

இவ்வழக்கத்தின் மிகக் கொடிய நினைவு 'எனோலா கே'. விமானி பால் டிபெட்ஸின் தாயின் பெயர் 1945 ஆகஸ்ட் 5 அன்று பி-29இல் எழுதப்பட்டது. மறுநாள் அதே விமானம் ஹிரோஷிமாவில் அணுகுண்டை வீசியது.

போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான விமானங்கள் உருக்கப்பட்டன. ஓவியங்களும் உடன் அழிந்தன. ஆர்கன்சாஸின் வால்நட் ரிட்ஜ் கிடங்கில், உருக்குவதற்கு முன் முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியத் தகடுகள் கோடரியால் வெட்டியெடுக்கப்பட்டுத் தப்பின. மெம்பிஸ் பெல் 2018 மே 17 முதல் ஓஹையோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க வான்படை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளது.