உத்திரத்தின் மேல் மதிய உணவு

நியூயார்க்கில் ராக்பெல்லர் சென்டர் எழும்பிக்கொண்டிருந்தபோது, அதன் மீது பத்திரிகைகளின் கவனத்தைத் திருப்புவதற்காக எடுக்கப்பட்ட விளம்பர ஒளிப்படம். 1932 செப்டம்பர் 20 அன்று, அந்த வளாகத்தின் ஆர்சிஏ கட்டடத்தின் 69ஆம் மாடியில் எடுக்கப்பட்டது. தரையிலிருந்து சுமார் 850 அடி உயரத்தில், ஒரே இரும்பு உத்திரத்தில் 11 தொழிலாளர்கள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இடது ஓரத்தில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் சிகரெட்டைப் பற்றவைக்கிறார்; வலது ஓரத்தில் இருப்பவர் கையில் பாட்டிலோடு நேரே கேமராவைப் பார்க்கிறார். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு எதுவும் இல்லை.

படம் திட்டமிட்டு எடுக்கப்பட்டதுதான். ஆனால் ஆட்கள் அங்கே வேலை பார்த்த உண்மையான இரும்புத் தொழிலாளர்கள். அதன் வலிமையே அதில்தான் இருக்கிறது. பெருமந்தக் காலத்தில் வாடகைக்கு ஆள் தேடிய ஒரு கட்டடத்தின் முகப்பை மட்டும் படம்பிடித்து அனுப்பியிருந்தால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் பெரிதாகப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். மனித முகங்கள் இருந்ததால் அது செய்தியாயிற்று. அக்டோபர் 2 அன்று நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன் அதை ஞாயிறு இணைப்பில் வெளியிட்டது.

எடுத்தவர் சார்லஸ் எப்பெட்ஸ் என்று 2003இல் அறிவிக்கப்பட்டது. தாமஸ் கெல்லி, வில்லியம் லெஃப்ட்விச் ஆகியோரும் அன்று அங்கே படமெடுத்தது பின்னர் தெரியவந்ததால், அவர்தான் எடுத்தார் என்பது உறுதிப்படவில்லை.