துவாஸ் புகைமூட்டமும் மேல் வளிமண்டலமும்

சிங்கப்பூரின் மேற்கு முனையான துவாஸ், சுமத்ராவிலிருந்து தென்மேற்குக் காற்றோடு வரும் புகைமூட்டத்தை முதலில் வாங்கிக்கொள்ளும் பகுதிகளுள் ஒன்று. கப்பல் பட்டறைகளும் ஊழியர் தங்குவிடுதிகளும் நிறைந்த இங்கே, வெட்டவெளியில் வேலை செய்வோரில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் கணிசமாக உள்ளனர். மூட்டம் கனத்த நாளில் இரண்டாம் இணைப்புப் பாலத்துக்கு அப்பாலுள்ள ஜொகூர்க் கரை மங்கிப்போகும். நண்பகல் சூரியன் செம்புத் தட்டாய்ச் சிறுத்து நிற்கும். துகளைத் தடுக்கும் என்95 முகக்கவசம் கரிந்த வாடையைத் தடுக்காது. 2013 ஜூன் 21 நண்பகலில் காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் 3 மணி நேர அளவு 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25இல் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. இந்த எண்களெல்லாம் தரையை ஒட்டிய காற்றைப் பற்றியவை. அதே தீ மேல் வளிமண்டலத்துக்கும் பருவநிலைக்கும் என்ன செய்கிறது என்பது தனிக் கணக்கு.

அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க 2019ஆம் ஆண்டு வாய்ப்பாக அமைந்தது. இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பக்கம் குளிர்ந்து, மேற்குப் பக்கம் வெப்பமான அந்த ஆண்டில் இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் ஒருசேர வறண்டன. செப்டம்பரில் சிங்கப்பூரின் காற்று ஆரோக்கியமற்ற நிலைக்குச் சென்றது. ஆண்டின் கடைசி நாள்களில் தென்கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகள் கொழுந்துவிட்டு எரிந்தன. வறட்சிக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். புகை போன வழிதான் வேறு.

ஆஸ்திரேலியத் தீயின் வெப்பம் தானே இடிமேகங்களை எழுப்பி, புகையை அடுக்கு மண்டலத்துக்குள் தள்ளியது. அங்கே போனபின் புகையிலிருந்த கருங்கரித் துகள்கள் வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடேற்ற, புகைத்திரள் மேலும் எழும்பியது. சுமார் 1,000 கி.மீ. அகலமுள்ள ஒரு சுழல் ஏறத்தாழ 35 கி.மீ. உயரம்வரை ஏறியதைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. பல மாதங்கள் தங்கிய அந்தப் புகையின் மேற்பரப்பில் குளோரின் வேதிவினைகள் நடந்தன. 2020இல் தென் அரைக்கோள நடு அகலாங்குகளின் ஓசோன் 3 முதல் 5 விழுக்காடு குறைய அது காரணமானதாக 2023இல் வெளிவந்த சூசன் சாலமன் குழுவினரின் ஆய்வு மதிப்பிட்டது.

துவாஸுக்கு வரும் புகை இப்படி ஏறுவதில்லை. சுமத்ரா, காலிமந்தான் பகுதிகளில் எரிவது பெரும்பாலும் பீட் எனப்படும் கரிச்சதுப்பு மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் படிந்த இலையும் வேரும் மரமும் சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் ஆழமாகக் கிடக்கின்றன. தோட்டப் பயிருக்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் மேலடுக்கு காய்ந்துவிடும். அதில் பற்றும் தீ சுவாலையின்றி மண்ணுக்குள் கனன்று, வேரைத் தின்று மரத்தைச் சாய்க்கும். ஒரு மழை மேலே நனைத்துவிட்டுப் போனாலும் அடியில் கனல் மிஞ்சும். ஆகவே தீயணைப்பாளர்கள் குழாயை மண்ணுக்குள் செருகி நீரைச் செலுத்துகிறார்கள். வெப்பம் குறைந்த இத்தகைய தீயின் புகை பெரும்பாலும் தரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் பரவுகிறது. இதில் கருங்கரி குறைவு, கரிமச் சேர்மங்கள் மிகுதி. எனவே வெயிலில் சூடேறித் தானே எழும்பும் ஆற்றலும் குறைவு. வாரக்கணக்கில் அலைந்தபின் மழை அதைக் கழுவிவிடுகிறது. மூச்சுக்கு இது இவ்வளவு கொடியதாக இருப்பதற்கும் மேலே ஏறாததே காரணம்.

துகள் கீழேயே தங்கிவிட்டாலும் வாயு அப்படித் தங்குவதில்லை. பீட் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு மிகுதியாக வெளிப்படுகிறது. நிலநடுக்கோட்டின் இடிமேகங்கள் அதை மேலே எடுத்துச் செல்ல, அங்கிருந்து மெல்ல அடுக்கு மண்டலத்துக்குள் கசிகிறது. 2015 தீக்குப் பின் நாசாவின் ஆரா செயற்கைக்கோள் அந்த வாயுவின் அளவு அங்கே வழக்கத்துக்கு மாறாக உயர்ந்ததைக் கண்டது. அந்தச் செறிவில் அதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் சதுப்புத் தீக்கும் மேல் வளிமண்டலத்துக்கும் இடையே பாதை உண்டு என்பதற்கு அது சாட்சி.

உண்மையான பாதிப்பு கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயுவில் இருக்கிறது. 1997இல் இந்தோனேசியப் பீட், காட்டுத் தீயால் வெளியேறிய கரிமம் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை என்று சூசன் பேஜ் குழுவினர் 2002இல் கணித்தனர். அந்த ஆண்டு உலகம் எரித்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயு வெளிவிட்டதில் 13 முதல் 40 விழுக்காட்டுக்கு அது சமம். இந்தோனேசியாவின் அன்றைய சுகார்த்தோ அரசு 1995இல் மத்திய காலிமந்தானில் 10 இலட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்க எடுத்த திட்டமும் அதற்குக் காரணம்: கால்வாய் வந்தது, நெல் வரவில்லை, தீ வந்தது. 2015 செப்டம்பர், அக்டோபரில் நாளொன்றுக்குச் சராசரியாக 1.13 கோடி டன் கரியமில வாயு வெளியேறியது. ஐரோப்பிய ஒன்றியம் புதைபடிவ எரிபொருளால் அன்றாடம் வெளிவிட்டதைவிட இது அதிகம். எரிந்த காடு வளர்ந்தால் சில பத்தாண்டுகளில் கரிமத்தின் ஒரு பகுதியேனும் திரும்பும். பீட் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவை. ஆகவே எவ்வளவு உயரம் ஏறியது என்பதைக் கொண்டு புகையின் பருவநிலை விளைவை அளப்பது தவறு. ஆஸ்திரேலியப் புகை அடுக்கு மண்டலத்தை ஓரிரு ஆண்டு கலக்கியது. தாழப் பறக்கும் சதுப்புப் புகையோடு வந்த கரியமில வாயு நூற்றாண்டுகளுக்கு நிற்கும்.

சிங்கப்பூரின் 2014ஆம் ஆண்டு எல்லை தாண்டிய புகைமூட்டச் சட்டம், வெளிநாட்டு நிறுவனத்துக்கும் நாளொன்றுக்கு 1,00,000 வெள்ளி வரை, மொத்தம் 20 இலட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. துணிச்சலான சட்டம்தான். ஆனால் புகை சிங்கப்பூருக்கு வந்தால்தான் எரிப்பது குற்றம். காற்று திசை மாறி, துவாஸில் வானம் தெளிவாக இருக்கும் நாளில் எரியும் பீட், குறியீட்டிலும் வராது, சட்டத்திலும் வராது. இந்தோனேசியா 2016இல் சதுப்பு மீட்பு அமைப்பை நிறுவி, பயிரிடப்படும் பீட்டில் நிலத்தடி நீர் 40 செ.மீ.க்குக் கீழே இறங்கக்கூடாது என்று விதித்திருக்கிறது. பருவநிலையைப் பொறுத்தவரை, குறியீட்டைவிடக் கண்காணிக்க வேண்டிய எண் அந்த 40தான்.